அலை வேறு, ஆழம் வேறு: குடும்பத்தோடு குளிக்க இலங்கையில் எந்தக் கடற்கரை?

கனடாவில் வாழும் என் அக்கா, ஓகஸ்ட் மாதம் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னபோது கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிள்ளைகள் அச்சமின்றி இறங்கி விளையாடக்கூடிய கடல் இலங்கையில் எங்கே இருக்கிறது? மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஆறு. நீச்சல் குளத்தில் பழகிய சிறிதளவு நீச்சலுக்கு மேல் இருவருக்கும் எதுவும் தெரியாது. எங்களோடு அம்மாவும் வருவார். மட்டக்களப்பின் கல்லடியில் பிறந்து கடற்காற்றிலேயே வளர்ந்தவர் அவர். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒருநாளேனும் கடலில் கால் நனைத்ததில்லை. இவர்கள் மூவருக்கும் ஒத்துவரும் கடற்கரையைத் தேடியபோது, பல ஆண்டுகளாக நான் போய்வந்த இடங்களை முதன்முறையாக ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒப்பிடத் தொடங்கியதுமே ஒன்று தெளிவாயிற்று. ‘அமைதியான, ஆழமில்லாத கடல்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டும் தனித்தனிக் குணங்கள். அலை இல்லாமலிருப்பது காற்றும் கரையின் வளைவும் முருகைக்கற்பாறையும் (பவளப்பாறை) சேர்ந்து தருவது. ஆழம் இல்லாமலிருப்பது கடலடியின் சரிவு தருவது. கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும் கடல் நான்காவது எட்டிலேயே பிள்ளையின் தலைக்கு மேல் போய்விடலாம். முழங்கால் அளவே ஆழமுள்ள இடத்தில் அலை புரட்டிப் போடவும் செய்யலாம். இரண்டும் ஒருசேர அமைந்த இடங்கள் இத்தீவில் ஏழெட்டுக்கு மேல் இல்லை. அவையும் ஆண்டு முழுவதும் அப்படி இருப்பதில்லை.

ஆகவே இடத்தைப் பார்ப்பதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காலத்தில் நீர்கொழும்பிலிருந்து காலி, மாத்தறை, தங்காலை வரையான கரை முழுவதும் கடல் கொந்தளிக்கிறது. கிழக்குக் கரையோ தீவின் மறைவில் தட்டையாகக் கிடக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் காலம். அப்போது நிலைமை தலைகீழாக மாறி, கிழக்கில் மழையும் அலையும் மிகுந்து, தெற்குக் கரை தெளிகிறது. இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரு கரைகளும் ஓரளவுக்கு இணங்கிவரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களை எங்கள் வீட்டில் கடலுக்குரிய மாதங்களாக எண்ணுவதே இல்லை. வங்காள விரிகுடாவில் புயல் திரளும் காலம் அது, 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளியை அம்மா நேரில் கண்டவர்.

நமது பாடசாலைகளின் விடுமுறை பெரும்பாலும் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று வருவதால், இந்த மூன்று மாதங்களுக்கும் மூன்று விடைகள் தேவைப்படுகின்றன. இந்தக் கணக்கைத் தவறவிட்டு நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஜூலை மாதத்தில் தென்கரையிலுள்ள ஒரு விடுதியில், ‘எங்கள் முன்னாலுள்ள கடல் எப்போதும் குளிக்க ஏற்றது’ என்று சொன்னதை நம்பி முற்பணம் கட்டினோம். படத்தில் இருந்த நீலக் கடல் ஜனவரியில் எடுக்கப்பட்டது. நாங்கள் கண்டது பழுப்பு நிறத்தில் இரைந்துகொண்டிருந்த வேறொரு கடல். மூன்று நாட்களும் பிள்ளைகள் விடுதியின் குளத்திலேயே கிடந்தார்கள்.

ஓகஸ்ட் என்றால் கிழக்கு என்பது இதனால் உறுதியாயிற்று. கிழக்கில் நான் ஒப்பிட்ட இடங்கள் நான்கு: பாசிக்குடா, நிலாவெளி, உப்புவெளி, திருகோணமலையின் மார்பிள் கடற்கரை.

பாசிக்குடாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், வாழைச்சேனைக்கு அருகே, குதிரை லாடம்போல் வளைந்து கிடக்கும் குடா இது. குடாவின் வாயிலில் முருகைக்கல் திட்டுகள் இருப்பதால் வெளிக்கடலின் அலை அங்கேயே உடைந்து, உள்ளே வந்து சேரும்போது சிற்றலையாகிவிடுகிறது. கடலடியோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லச் சரிகிறது. சென்றமுறை போனபோது கரையிலிருந்து நேராக எண்ணிக்கொண்டே நடந்தேன்: நூறு எட்டு வைத்த பிறகும் நீர் என் தொடையைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தபோது, கரையில் நின்ற மனிதர்கள் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துத் தெரிந்தார்கள். பாதத்தின் அடியில் மணல் குழையாமல் இறுகியிருந்தது. நீரின் அசைவு அதன்மேல் வரைந்திருந்த வரிகள் பழைய ஓட்டுக் கூரையைக் காலால் தடவியதுபோல் உணரப்பட்டன. அந்த வரிகளினூடே விரல் நீளமுள்ள மீன்குஞ்சுகள் என் நிழலைக் கண்டதும் விலகி, நிழல் கடந்ததும் மீண்டும் அதே இடத்துக்கு வந்தன. ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு அகலமான ‘கால் எட்டும்’ பரப்பு இத்தீவின் வேறெந்தக் கரையிலும் கிடைப்பதாக நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. குடா அடைபட்டிருப்பதால் நண்பகலில் நீர் சூடேறிவிடும். சவுக்கோ தென்னையோ அடர்ந்த நிழல் நீரின் ஓரம்வரை வருவதில்லை. பெயரிலேயே இருக்கிற பாசி சில காலங்களில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். பொதுமக்கள் குளிக்கும் பகுதி வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் பேருந்துகளில் வந்திறங்கும் கூட்டத்தால் நிறைந்துவிடுகிறது. இயந்திரப் படகுகளும் நீர் ஸ்கூட்டர்களும் குளிப்பவர்களுக்கு வேண்டியதைவிட நெருக்கமாக ஓடுகின்றன. என்னுடைய கண்ணில் பாசிக்குடாவின் உண்மையான ஆபத்து அலையோ ஆழமோ அல்ல, இந்தப் படகுகளே. விடியற்காலையிலும் வார நாட்களிலும் அவை குறைவு என்பதால், போகும் நாளையும் நேரத்தையும் நாமே தேர்ந்துகொண்டால் இந்தக் குறை பெருமளவு நீங்கிவிடும்.

பாசிக்குடாவுக்குப் போகிறவர்களில் பலர், தெற்கே அடுத்த வளைவான கல்குடாவும் அதே கடல்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். கூட்டமில்லாமல், தூய்மையாக, மிக அழகாக இருக்கும் கரை அது. ஆனால் பாசிக்குடாவைப்போல் மூடிய குடா அல்ல, வெளிக்கடலுக்குத் திறந்தது, ஆழமும் விரைவில் வந்துவிடும். மாலையில் நடப்பதற்குக் கல்குடா, குளிப்பதற்குப் பாசிக்குடா என்று பிரித்துக்கொள்வது நல்லது.

திருகோணமலைப் பக்கம் வந்தால் நிலைமை வேறு. நகரத்திலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் நிலாவெளி, நீண்டு நேராகக் கிடக்கும் வெண்மணல் கரை. குடா அல்லாததால் அதன் அமைதி முழுக்க முழுக்கக் காற்றை நம்பியது. மே முதல் செப்டம்பர் வரை அது ஏரியைப்போல் இருக்கும்; நவம்பரில் அதே இடத்தில் நிற்கவும் முடியாது. சரிவும் பாசிக்குடாவைவிட அதிகம். பெரியவர்களுக்கு நீந்த இதமான ஆழம் சில எட்டுகளிலேயே கிடைத்துவிடுகிறது. அதே எட்டுகளில் சிறு பிள்ளைக்குக் கழுத்தளவாகிவிடும். நீந்தத் தெரிந்த பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நிலாவெளியையே நான் முதலில் சொல்வேன். கரைக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மூச்சுக் குழாயோடு மிதந்தபடியே முருகைக்கற்களையும், மனிதரை அண்டாமல் விலகிச் செல்லும் சிறு கருந்துடுப்புச் சுறாக்களையும் அங்கே பார்க்கலாம். ஆனால் அங்கே இறங்கும் இடத்திலேயே உடைந்த முருகைக்கல் காலைக் குத்தும். ஆறு வயதுப் பிள்ளைக்குரிய இடம் அல்ல.

நகரத்துக்கு இன்னும் நெருக்கமான உப்புவெளி, நிலாவெளியின் அமைதியான தங்கை என்று சொல்லலாம். மென்மணல், மெல்லிய சரிவு, நடந்துபோகும் தொலைவில் கடைகளும் உணவகங்களும், அவசரத்துக்குத் திருகோணமலை மருத்துவமனை அருகில் என்பவை இதன் பலம். மீனவர்களின் தோணிகள் கரையில் ஏற்றப்பட்டிருக்கும். அவர்கள் கயிறு கட்டும் இடத்தை விட்டு விலகிக் குளிக்க வேண்டும்.

மார்பிள் கடற்கரை முற்றிலும் வேறு வகையானது. சீனக்குடாவுக்கு அருகே, விமானப்படையின் பராமரிப்பில் இருக்கும் இந்தச் சிறு குடாவுக்குள் நுழையக் கட்டணம் செலுத்த வேண்டும். இருபுறமும் மரம் அடர்ந்த மேடுகள் நிலத்தை நீட்டிக்கொண்டு நிற்பதால் காற்றும் அலையும் உள்ளே வருவதில்லை. கோலிக்குண்டைப்போல் தெளிந்த நீர். திருகோணமலைத் துறைமுகம் ஆழத்துக்கு உலகப் பெயர் பெற்றது. அதன் பக்கத்திலேயே இப்படியொரு மென்மணல் குடா இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். பாசிக்குடாவைப்போல் தொலைவுவரை நடக்க முடியாது என்றாலும், கரையோரப் பரப்பு பிள்ளைகளுக்குப் போதுமானது. மரநிழல் நீருக்கு அருகிலேயே இருக்கிறது. நீரில் இறங்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய முதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிழக்கில் இல்லை. தங்குவதற்கு இடம் கிடைப்பது அரிது என்பதால், உப்புவெளியில் தங்கி ஒரு பகலுக்குப் போய்வருவதே பெரும்பாலானோருக்கு வசதி.

கிழக்கின் இந்த நான்கு இடங்களுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதை நான் ஒரு சங்கடமான காலையில் கற்றுக்கொண்டேன். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கிழக்கில் வீசும் காற்றை மட்டக்களப்பார் கச்சான் என்பார்கள். மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து, சூடாக, கடலை நோக்கி வீசுவது. கடலைத் தட்டையாக்குவதும் அதுவே. கரையில் நிற்பவருக்கு அலையே தெரியாது. ஆனால் நீரின்மேல் மிதப்பது எதுவாக இருந்தாலும் அது கரையை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். நிலாவெளியில் சித்தியின் மகன் தன் மகளுக்காக ஊதிக் கொடுத்த காற்றடைத்த அன்னம், அவள் இறங்கி மணலில் விளையாடத் தொடங்கிய அரை நிமிடத்தில் நகர ஆரம்பித்தது. அவன் நடந்து போனான், பிறகு ஓடினான், பிறகு நீந்தினான்; அன்னம் அவனைவிட வேகமாகச் சென்றது. இறுதியில் மீன்பிடித்துத் திரும்பிய ஒரு படகுக்காரர் அதைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ‘பிள்ளை மேலே இருந்திருந்தால்?’ என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து, காற்றடைத்த வளையமும் மெத்தையும் எங்கள் பயணப் பையில் இடம்பெறுவதில்லை. உடலோடு வாரால் கட்டும் மிதவைச் சட்டை மட்டுமே.

வடக்கில் இருக்கும் இரண்டு இடங்களையும் இங்கே சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குப் போனால், அந்தச் சிறுதீவின் வடகரையில் கசூரினா கடற்கரை. வேலணையில் சாட்டிக் கடற்கரை. இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து உருண்டுவரும் நீள அலைகள் இராமர் பாலத்தையும் இலங்கைத் தீவின் உடலையும் தாண்டி இங்கே வந்து சேர்வதில்லை. பாக்கு நீரிணையின் கடலும் தன் இயல்பிலேயே ஆழம் குறைந்தது. அதனால் கசூரினாவில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடக்க முடிகிறது, பெயருக்கேற்பச் சவுக்கு மரங்களின் நிழலும் உண்டு. சாட்டி அதைவிடச் சிறியது, ஊர்க் குடும்பங்கள் மாலையில் வந்துபோகும் இடம். வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் இரண்டுமே கலங்கிவிடுகின்றன. சில காலங்களில் கடலோர மக்கள் சொறிமுட்டை என்று அழைக்கும் ஜெல்லி மீன்கள் கரையோரம் வருவதால், இறங்குமுன் அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்குவோருக்கு இவை மிகச் சிறந்தவை. கடலுக்காகவே கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கு, பாசிக்குடாவை விட்டு இவ்வளவு தூரம் போக வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆழமில்லாத இந்தக் கடல்களிலும் உயிர்கள் போயிருக்கின்றன என்பதையும், ஆழமின்மையை நம்பிப் பெரியவர்கள் கரையில் பேச்சில் மூழ்கிவிடுவதே அதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி, அக்கா ஓகஸ்டில் வர முடியாமல் டிசம்பரில் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. அப்போது தெற்கே போக வேண்டும். தெற்கில் தேர்வு கடினமானது. தென்கரையில் முருகைக்கற்பாறையின் மறைவு இல்லாத இடம் எதுவும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. மிரிஸ்ஸவும் வெலிகமவும் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்றவை. அலைச்சறுக்குக்காரர் தேடிவரும் கரையில் தாயொருத்தி பிள்ளையோடு இறங்கத் தயங்கவேண்டும் என்பது மிக எளிய அளவுகோல். தங்காலையில் மணற்கரை செங்குத்தாக இறங்குகிறது. திரும்பும் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போவதை நின்ற இடத்திலேயே உணரலாம். பெந்தோட்டையில் ஆற்றின் முகத்துவாரம் இருப்பதால் நீரோட்டத்தின் போக்கை வெளியூரார் கணிக்கவே முடியாது.

மிஞ்சுபவை மூன்று. மாத்தறைக்கு அருகேயுள்ள பொல்ஹேனவில், கரைக்கு இணையாக ஓடும் பாறைத்தொடர் கடலை மறித்து இயற்கையான ஒரு குளத்தை உண்டாக்கியிருக்கிறது. பாறைக்கு அப்பால் அலை வெள்ளையாக உடைந்து இரையும். இப்பால் இடுப்பளவு நீர் தாலாட்டுவதுபோல் அசையும். மாத்தறைக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் இடம் இது. கடலாமைகளும் கரையருகே வருவதுண்டு. ஆனால் தரை முழுவதும் மணல் அல்ல. என் மகன் இங்கே விழுந்தபோது முழங்காலில் உண்டான கீறல் சிறியதே; முருகைக்கல்லால் உண்டான காயம் ஆதலால் பத்து நாட்களுக்கு மேல் ஆறாமல் சீழ் கட்டியது. கடல் முள்ளெலிகளும் பாறை இடுக்கில் இருக்கும். ரப்பர் அடியுள்ள காலணி இல்லாமல் பொல்ஹேனவில் யாரும் இறங்கக்கூடாது, பெரியவர்களும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நெரிசல் அதிகம்.

காலிக்கு அருகேயுள்ள உனவட்டுன, வளைந்த குடாவும் மணல் தரையும் கொண்டது. பொல்ஹேனவைவிடக் காலுக்கு இதமானது. முன்பு நான் சிறுவயதில் கண்ட உனவட்டுன அல்ல இப்போது இருப்பது. அலைதடுப்பு கட்டிய பிறகு மணல் அரிக்கப்பட்டு, பின்னர் கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கொட்டிக் கரையை மீண்டும் அகலமாக்கினார்கள். அதனால் கரையின் சரிவு இடத்துக்கு இடம் மாறுகிறது, பழைய விவரிப்புகளை அப்படியே நம்ப முடியாது. ஹிக்கடுவையில் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட பகுதி பாறையின் மறைவில் ஆழமில்லாமல் இருக்கிறது. ஆனால் கண்ணாடி அடித்தளப் படகுகளின் போக்குவரத்தும், மிதித்தால் நொறுங்கும் முருகைக்கற்களும் இருப்பதால், பிள்ளைகளை நீண்டநேரம் விளையாட விடுவதற்கு உரிய இடமாக அதை நான் கருதவில்லை. அந்த முருகைக்கற்கள் 1998இல் கடல் சூடேறி வெளுத்துப்போனதிலிருந்து இன்னும் முழுமையாக மீளவில்லை. அவற்றின்மேல் நம் பாதமும் பட வேண்டாம்.

போக்குவரத்தும் முடிவைப் பாதிக்கும். கொழும்பிலிருந்து காலி 120 கிலோமீட்டருக்கு உட்பட்டது. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், மாத்தறை அதற்கு மேல் சிறிது தூரமே. பாசிக்குடாவுக்கு வீதியால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. மட்டக்களப்புப் புகையிரதம் வாழைச்சேனையில் நிற்கும் என்றாலும் பயணம் நீண்டது. ஆகவே மூன்று இரவுக்குக் குறைந்த பயணத்துக்குக் கிழக்கைத் தேர்வது பிள்ளைகளைக் களைப்படையச் செய்வதாகவே முடியும்.

எந்தக் கரையைத் தேர்ந்தாலும், போய்ச் சேர்ந்த முதல் காலையில் பிள்ளைகளை இறக்குவதற்கு முன் நான் தவறாமல் செய்யும் சில காரியங்களை அக்காவுக்கும் எழுதினேன். முதலில் மணலைப் பார்ப்பேன்: நுண்மையாகவும் இறுகியும் தட்டையாகவும் இருந்தால் கடலடியும் பெரும்பாலும் அப்படியே, பருமணலாகச் சரிந்து கிடந்தால் ஆழம் அருகில் இருக்கிறது. பிறகு நானே முப்பது எட்டு நேராக நடந்து, நீர் உடலில் எந்த அளவுக்கு வருகிறது என்று பார்ப்பேன். இலங்கையைச் சுற்றி நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் காலையில் கண்ட ஆழம் மாலையில் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் ஒன்றரையடி வேறுபாடுகூட ஆறு வயதுப் பிள்ளைக்கு இடுப்புக்கும் கழுத்துக்கும் உள்ள வேறுபாடு. மூன்றாவதாக, அலைகள் வரிசையாக உடையும் இடத்தில் ஓரிடம் மட்டும் உடையாமல், கறுத்துத் தட்டையாகத் தெரிகிறதா என்று கவனிப்பேன். அமைதியாகத் தோன்றும் அந்த இடைவெளியே நீர் திரும்பிப் போகும் வாய்க்கால். பலர் அதையே பாதுகாப்பான இடமென்று எண்ணி இறங்குகிறார்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கடைசியாக, கரைவலை இழுப்பவரிடமோ தோணிக்காரரிடமோ ‘இங்கே பிள்ளைகள் குளிக்கலாமா?’ என்று கேட்பேன். பொலிஸ் உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடி நட்டிருந்தால் கேள்விக்கே இடமில்லை.

இவ்வளவையும் எடைபோட்டு நான் அக்காவுக்குச் சொன்ன முடிவு இதுதான். ஓகஸ்டில் வருவதாக இருந்தால் பாசிக்குடாவில் நான்கு இரவு, செவ்வாய் முதல் சனி காலை வரை; மேலும் இரண்டு நாள் மிஞ்சினால் உப்புவெளியில் தங்கி ஒரு பகல் மார்பிள் கடற்கரை. ஏப்ரலில் வந்தாலும் இதே திட்டம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் புத்தாண்டுக் கூட்டம் அடங்கிய பிறகு போக வேண்டும். டிசம்பர் என்றால் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் உனவட்டுனவில் தங்கி, பொல்ஹேனவுக்கு வார நாளில் ஒரு காலை மட்டும் காலணிகளோடு போய்வரலாம். காற்று மாறிக் கடல் கலங்கினால் காலிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துத் திருப்திப்படவேண்டும், குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் கூடாது.

அக்கா ஓகஸ்டுக்கே பயணச்சீட்டு எடுத்துவிட்டார். பாசிக்குடாவென்று முடிவானதை அம்மாவிடம் சொன்னபோது, அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, ‘கச்சான் காலமென்றால் கடல் படுத்துக் கிடக்கும்’ என்று மட்டும் சொன்னார். முதல்நாள் காலை, படகுகள் ஓடத் தொடங்குவதற்கு முன், ஆறரை மணியளவில் ஒரு நாற்காலியை நீரின் விளிம்பில், சிற்றலை வந்து கணுக்காலைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் போடுவதாக இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் அவருக்கு எதிரே, கை எட்டும் தொலைவில், முழங்கால் நீரில் இருப்பார்கள். அவர் எழுந்து ஓர் எட்டு முன்னால் வைக்க விரும்பினால், அதற்கு அப்பால் இன்னும் நூறு எட்டுக்கு அந்தக் கடல் அவர் இடுப்பைத் தாண்டாது.